பியர் நொதிக்க எந்தப் பாத்திரம்? முதல்முறை வாங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் பியர் காய்ச்சலாம் என்று முடிவெடுத்ததும் நான் முதலில் வாங்கியது ஒரு கண்ணாடிக் குடுவை. 23 லிட்டர். ஈஸ்ட் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கலாம் என்ற ஆசை. அதில் 22 லிட்டர் வோர்ட்டை (மால்ட் என்னும் முளைகட்டிய தானியமும், கசப்பு தரும் ஹாப்ஸ் பூவும் சேர்த்துக் காய்ச்சிய இனிப்புச் சாறு) ஊற்றி, ஈஸ்ட் போட்டு, ஏர்லாக் (உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத நீர் அடைப்பு) மாட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் ஏர்லாக் அடைப்பானோடு தரையில் கிடந்தது. கழுத்து வழியாக நுரை வழிந்து சுவரெல்லாம் ஹாப்ஸ் துணுக்கு ஒட்டியிருந்தது. அதைவிடப் பெரிய தொந்தரவு பியரை எடுத்த பிறகுதான் வந்தது. குடுவையின் தோள்பட்டையில் காய்ந்து ஒட்டிய பழுப்பு வளையத்துக்குக் கையும் எட்டவில்லை, பிரஷும் வளையவில்லை. இரண்டு நாள் ஊற வைத்துத்தான் சுத்தம் செய்தேன்.

அடுத்த ஒரு வருடத்தில் மூன்று பாத்திரம் மாற்றினேன். எல்லாவற்றிலும் ஒரே தவறுதான்: முதலில் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு அதற்கேற்றபடி வேலையை வளைக்கப் பார்த்தேன். எவ்வளவு காய்ச்சப் போகிறோம், பாத்திரம் எங்கே நிற்கும், யார் தூக்குவது, எப்படிக் கழுவுவது என்ற நான்கு கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகு பாத்திரத்தைத் தேடினால், பாதிக் குழப்பம் தானாகவே விலகிவிடும். கீழே உள்ள வரிசை அப்படி அமைந்ததுதான். வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. முதலில் சட்டத்தைப் பாருங்கள்

சொந்த உபயோகத்துக்குப் பியர் காய்ச்சப் பல நாடுகள் அனுமதிக்கின்றன. சில இடங்களில் வருடத்துக்கு இத்தனை லிட்டர் என்று உச்சவரம்பு இருக்கும், சில இடங்களில் உரிமம் வாங்க வேண்டும், சில இடங்களில் முழுத் தடை. அனுமதி உள்ள இடங்களிலும் விற்பதற்குத் தனிச் சட்டம். நீங்கள் இருக்கும் ஊரின் கலால் விதிகளை அதிகாரபூர்வமான மூலத்திலேயே படியுங்கள். தெரிந்தவர் ஒருவர் காய்ச்சுகிறார் என்பது அனுமதி ஆகாது. உச்சவரம்பு இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், பாத்திரத்தின் அளவை அதுவும் தீர்மானிக்கும்.

2. எத்தனை லிட்டர் என்று முடிவு செய்து, அதற்கு மேல் காலி இடம் விடுங்கள்

வீட்டில் காய்ச்சுபவர்களின் வழக்கமான அளவு 19 முதல் 23 லிட்டர். பெரும்பாலான செய்முறைகளும் ஈஸ்ட் பாக்கெட்டுகளும் இந்த அளவை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கும். 19 லிட்டர் என்றால் 330 மில்லி பாட்டில் ஏறக்குறைய 57. அத்தனை பாட்டிலைக் கழுவி, நிரப்பி, மூடி, வைக்க இடம் இருக்கிறதா என்று யோசியுங்கள். இல்லையென்றால் 10 லிட்டரில் தொடங்குங்கள். அதில் எந்தக் குறையும் இல்லை. கற்றுக்கொள்ளும் காலத்தில் சின்ன அளவில் அடிக்கடி காய்ச்சுவது, பெரிய அளவில் எப்போதாவது காய்ச்சுவதைவிட நல்லது.

நான் செய்த முதல் தவறு இங்கேதான். பாத்திரத்தின் மேல் எழுதியிருக்கும் எண், விளிம்பு வரை நிரப்பினால் பிடிக்கும் அளவு. நொதிக்கும்போது ஈஸ்ட் கிளப்பும் நுரைக்கு அதில் இடம் இல்லை. வோர்ட்டின் அளவில் குறைந்தது நான்கில் ஒரு பங்காவது மேலே காலியாக இருக்க வேண்டும். 20 லிட்டர் வோர்ட்டுக்கு 25 லிட்டர் பாத்திரம் என்பது குறைந்தபட்சம், 30 லிட்டர் இருந்தால் நிம்மதி. கோதுமை பியருக்கான ஈஸ்ட்டுகளும், ஆல்கஹால் கூடுதலாக உள்ள பியர்களும் மற்றவற்றைவிட அதிகமாகப் பொங்கும்.

பொங்கினால் என்ன, துடைத்துவிடலாமே என்று தோன்றும். துடைப்பது பெரிய விஷயம் இல்லை, அடைப்புதான் ஆபத்து. 1.050 அடர்த்தியில் (தண்ணீர் 1.000) தொடங்கும் 20 லிட்டர் வோர்ட், நொதித்து முடிவதற்குள் சுமார் 400 லிட்டர் கரியமில வாயுவை வெளியேற்றும். அந்த வாயு ஒரு விரல் அகலத் துளை வழியாகத்தான் போகிறது. ஹாப்ஸ் துணுக்கு அந்தத் துளையை அடைத்துவிட்டால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். எனக்கு அடைப்பான் மட்டும் பறந்தது. கண்ணாடியே வெடித்திருந்தால் கதை வேறு.

காலி இடம் குறைவாக உள்ள பாத்திரம் ஏற்கெனவே கையில் இருந்தால், முதல் மூன்று நான்கு நாளுக்கு ஏர்லாக்கை எடுத்துவிட்டு, 2 முதல் 2.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயைத் துளையில் செருகி, மறுமுனையைக் கிருமிநாசினி கலந்த நீர் உள்ள ஜாடிக்குள் விடுங்கள். நுரை அந்த வழியாகப் போய்விடும். வேகம் அடங்கியதும் ஏர்லாக்கை மாட்டலாம்.

3. பாத்திரம் நிற்கப் போகும் இடத்தை அளந்து வையுங்கள்

பியரின் இரு பெரிய வகைகளில், ஏலுக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ், லாகருக்கு 8 முதல் 13 டிகிரி என்பது பொதுவான வரம்பு. இது பாத்திரத்துக்குள் இருக்கும் திரவத்தின் வெப்பநிலை, அறையின் வெப்பநிலை அல்ல. நொதித்தலே வெப்பம் தரும் வினை. வேகமாக நொதிக்கும் நாட்களில் உள்ளே இருப்பது அறையைவிட 3 முதல் 5 டிகிரி கூடுதலாக இருக்கலாம். அறை 24 என்றால் பியர் 28. அந்தச் சூட்டில் பெரும்பாலான ஏல் ஈஸ்ட்டுகள் நெயில் பாலிஷ் போன்ற வாடையையும், தொண்டையில் காரமாக இறங்கும் கனமான ஆல்கஹால்களையும் உண்டாக்கும். எவ்வளவு விலை உயர்ந்த பாத்திரமும் இதைச் சரிசெய்யாது.

ஆகவே குளிர்ச்சிக்கு என்ன வழி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றும், அதை வெப்பநிலைக்கு ஏற்ப நிறுத்தி ஓட்டும் கட்டுப்பாட்டுக் கருவியும் இருந்தால் அதுதான் சிறந்த வழி. இல்லையென்றால் அகலமான தொட்டியில் தண்ணீர் ஊற்றி, பாத்திரத்தை அதில் நிறுத்தி, உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றிப் போடலாம். முதல் மூன்று நாள் இப்படிக் கவனித்தாலே பெரும்பகுதி கெடுதல் தவிர்ந்துவிடும். சுவை உருவாவதெல்லாம் பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

ஃப்ரிட்ஜ்தான் என்று முடிவானால், டேப் எடுத்து உள்ளே அளங்கள். அடியில் கம்ப்ரசர் இருக்கும் இடம் திண்டு போல மேடாக இருக்கும். அது இடத்தைத் தின்றுவிடும். கதவின் உட்பக்கத் தட்டுகளும் அப்படித்தான். பாத்திரத்தின் உயரத்தோடு ஏர்லாக்குக்கு இன்னொரு 12 சென்டிமீட்டராவது கூட்டிக்கொள்ளுங்கள். நான் இப்போதெல்லாம் வாங்க நினைக்கும் பாத்திரத்தின் அளவில் அட்டைப்பெட்டியை வெட்டி உள்ளே வைத்து, கதவை மூடிப் பார்த்த பிறகுதான் பணம் கட்டுகிறேன். பத்து நிமிட வேலை. இரண்டாவதாக வாங்கிய பாத்திரம் எனக்கு இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்காததால்தான் வீணாயிற்று. கதவு மூட இரண்டு சென்டிமீட்டர் குறைந்தது.

தூக்குவதையும் இப்போதே யோசியுங்கள். 23 லிட்டர் வோர்ட் 24 கிலோ. கண்ணாடி என்றால் பாத்திரமே 6, 7 கிலோ சேரும். ஈரமான, வழவழப்பான, கைப்பிடி இல்லாத 30 கிலோ. அப்புறம் பாட்டிலில் நிரப்பும் நாளில் பாத்திரம் மேசை மேல் இருக்க வேண்டும், அப்போதுதான் திரவம் தானாகக் கீழே இறங்கும். அன்றைக்குத் தூக்கினால் அடியில் படிந்த வண்டல் கலங்கிவிடும். முந்தின நாளே தூக்கி வைத்துவிடுங்கள், அல்லது முதலிலேயே உயரமான இடத்தில் வைத்து நொதிக்க விடுங்கள்.

4. எந்தப் பொருளில் வாங்குவது

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பாத்திரம் அகன்ற வாயுள்ள, உணவுத் தரமான, வெள்ளை பிளாஸ்டிக் வாளியாக இருக்கட்டும். இரண்டாவது பாத்திரத்தைப் பற்றி ஐந்து முறை காய்ச்சிய பிறகு யோசியுங்கள்.

பிளாஸ்டிக் வாளி. பெரும்பாலும் எச்டிபிஇ அல்லது பாலிபுரொப்பிலீன். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்றோ 5 என்றோ எண் இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டும்தான் சொல்கிறது, உணவுக்கு உகந்ததா என்று சொல்லாது. அதற்குக் கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த சின்னம் வேண்டும், அல்லது தயாரிப்பாளரின் எழுத்துப்பூர்வமான உறுதி வேண்டும். 2 என்று பார்த்துவிட்டு, பெயின்ட்டோ ரசாயனமோ வந்த டிரம்மைக் கழுவிப் பயன்படுத்தாதீர்கள். கழுவிப் போகாத பொருட்கள் பிளாஸ்டிக்குக்குள் ஊறியிருக்கும். உணவுப் பொருள் வந்த வாளியாக இருந்தாலும், கடுமையான வாடை உள்ள சரக்கு இருந்ததென்றால் வேண்டாம். அந்த வாடை எத்தனை கழுவினாலும் பியரில் வந்து நிற்கும்.

வாளியின் பெரிய நன்மை, முழங்கை வரை உள்ளே விட்டு ஒவ்வொரு மூலையையும் தொட்டுக் கழுவலாம் என்பது. பெரிய பலவீனம் கீறல். கீறலுக்குள் லாக்டோபேசிலஸ், பீடியோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களும் காட்டு ஈஸ்ட்டும் பதுங்கிக்கொண்டால் கிருமிநாசினி அங்கே சரியாகப் போய்ச் சேராது. ஸ்க்ரப்பர் கூடாது, பிரஷ் கூடாது, எவர்சில்வர் கரண்டி கூடாது, மெல்லிய துணி மட்டும். ஒரு வாளியை இன்னொன்றுக்குள் அடுக்கி வைப்பதால்தான் நிறைய கீறல் விழுகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. தவிர்க்க முடியாவிட்டால் நடுவில் துணி வையுங்கள். உள்ளே விரல் நகத்தால் தடவும்போது கீறல் தட்டுப்பட்டால் அந்த வாளிக்கு வேறு வேலை கொடுத்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

எச்டிபிஇ வழியாக ஆக்சிஜன் மெதுவாக உள்ளே கசியும் என்று படித்துப் பயப்படுவீர்கள். உண்மைதான். ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் முடியும் பியருக்கு அது பொருட்டில்லை. மாதக்கணக்கில் பழுக்க வைக்கும் பியருக்குத்தான் வேறு பாத்திரம் தேவை.

பெட் (தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) குடுவை. முக்கோணத்தில் 1 இருக்கும். இலேசானது, ஒளி ஊடுருவும், எச்டிபிஇயைவிட ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கும், கீழே விழுந்தால் உடையாது. அகன்ற வாயுள்ளதாகக் கிடைத்தால் நல்ல தேர்வு. சூடு இதற்கு ஆகாது. 70 டிகிரியை ஒட்டிப் பெட் இளகும், அதற்கு முன்பே வடிவம் கெடத் தொடங்கும். கொதிக்கும் வோர்ட்டையோ வெந்நீரையோ ஊற்றாதீர்கள். காஸ்டிக் சோடா போன்ற கடும் காரங்களும் இதை அரிக்கும்.

குடிநீர் விற்கும் பெரிய கேன்களைப் பயன்படுத்தலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். 1 என்ற எண் இருந்தால் சரி. 7 என்று இருந்தால் அது பெரும்பாலும் பாலிகார்பனேட். காரமான கழுவும் பொருட்கள் அதைக் கெடுக்கும், தவிர்த்துவிடுங்கள். எண் எதுவானாலும், உள்பக்கம் குழிந்த கைப்பிடி உள்ள கேன் வேண்டாம், அந்தக் குழியைக் கழுவ வழியே இல்லை.

கண்ணாடிக் குடுவை. கீறல் விழாது, ஆக்சிஜன் நுழையாது, வாடை பிடிக்காது. மாதக்கணக்கில் வைக்கும் பியருக்கு இன்றும் நல்லது. ஆனால் முதல் பாத்திரமாக வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். ஈரக் கையிலிருந்து நழுவிய கண்ணாடிக் குடுவையால் நரம்பு வெட்டுப்பட்டு அறுவை சிகிச்சை வரை போனவர்கள் உண்டு. சூடான வோர்ட்டை ஊற்றினால் விரிசல் விடும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள், சுற்றிலும் தாங்கும் பட்டையோ பிளாஸ்டிக் கூடையோ போட்டு அடியிலிருந்து தூக்குங்கள். வெளிச்சமும் ஒரு பிரச்சினை. ஹாப்ஸில் இருந்து வரும் கசப்புப் பொருட்கள் மேல் வெளிச்சம் பட்டால் கந்தக வாடையுள்ள ஒரு சேர்மம் உருவாகும், மிகமிகச் சிறிய அளவிலேயே மூக்கில் அடிக்கும். கண்ணாடியோ பெட்டோ, ஒளி புகும் பாத்திரம் எதுவானாலும் கறுப்புத் துணியால் மூடி வையுங்கள்.

எவர்சில்வர். 304 தரம் என்று எழுதியிருக்க வேண்டும். கீறல் பயம் குறைவு, கொதிநீர் தாங்கும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஆயுளுக்கும் வரும். குளோரின் பிளீச்சை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், எஃகில் ஊசிக்குத்து போலக் குழி விழும். புதிதாக வந்த பாத்திரத்தில் தொழிற்சாலை எண்ணெய் ஒட்டியிருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டு நன்றாகத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்பு வராது என்ற நிலை வரும் வரை கழுவ வேண்டும். வாங்கும்போது உள்ளே வெல்டிங் ஓடும் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சொரசொரப்பாக இருந்தால் அங்கேதான் அழுக்கு தங்கும்.

வோர்ட் காய்ச்ச மூடியோடு ஒரு பெரிய எவர்சில்வர் பானை ஏற்கெனவே இருந்தால், அதிலேயே ஆற வைத்து, அதிலேயே நொதிக்கவும் விடலாம். மூடி இறுக்கமாக இருக்காது, அதனால் இரண்டு வாரத்துக்குள் பாட்டிலுக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் இந்தத் தொழில் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள இது நல்ல வழி.

கூம்பு வடிவ எவர்சில்வர் பாத்திரத்தின் படத்தைப் பார்த்தால் எல்லாருக்கும் மனசு போகும். அடியில் வால்வைத் திறந்து வண்டலை வெளியேற்றலாம், ஈஸ்ட்டைச் சேகரிக்கலாம். ஆனால் ஒவ்வொரு வால்வும் ஒவ்வொரு இணைப்பும் ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவ வேண்டியவை. மாதம் ஒருமுறை 20 லிட்டர் காய்ச்சுபவருக்கு அந்த உழைப்புக்கு ஏற்ற பலன் இல்லை.

அழுத்தம் தாங்கும் பாத்திரங்கள். பானக் கடைகளில் பயன்பட்ட 19 லிட்டர் எவர்சில்வர் கெக்கும் (பானத்தை அழுத்தத்தில் அடைத்து வைக்கும் உருளைக் கலன்), அழுத்தத்துக்கென்றே தடித்த பெட்டில் செய்த பாத்திரங்களும் இந்த வகை. இவற்றில் 10 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நொதிக்க விட்டால், சற்றுக் கூடுதலான வெப்பநிலையிலும் சுவை சுத்தமாக வரும், காற்றே படாமல் பியரை மாற்றவும் முடியும். பழைய கெக் நல்ல இரண்டாவது பாத்திரம், 15 முதல் 16 லிட்டர் வரை நிரப்பலாம். மூடியின் ரப்பர் வளையத்தைப் புதிதாக மாற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள். அழுத்தம் விடுவிக்கும் வால்வு இல்லாத எந்தப் பாத்திரத்தையும் இறுக்கி மூடாதீர்கள். திறப்பதற்கு முன் அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றுங்கள். பெட் என்றால் மேலே அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தம், உச்ச வெப்பநிலை, மறுசோதனைத் தேதி மூன்றும் கட்டளை மாதிரி. ஒருமுறை கீழே போட்டு அடிபட்டாலோ கீறல் ஆழமாக விழுந்தாலோ, அதற்கப்புறம் அழுத்தம் ஏற்றாதீர்கள்.

வேண்டவே வேண்டாம் என்று சில உண்டு. பியர் அமிலத்தன்மை உள்ளது, பிஎச் 4 முதல் 4.6 வரை. துத்தநாகப் பூச்சுள்ள வாளியில் வைத்தால் துத்தநாகம் கரையும். மெருகு பூசிய பழைய பீங்கான் ஜாடிகளில் ஈயம் இருக்கலாம். அலுமினியப் பானை காய்ச்சச் சரி, வாரக்கணக்கில் நொதிக்க வைக்கச் சரியில்லை.

5. வாய், மூடி, குழாய்

வாய் உங்கள் கை முழுதாக நுழையும் அளவுக்கு அகலமாக இருக்கட்டும். மற்றதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

மூடியைப் பற்றி ஒன்று. வாளி மூடிகள் பல நேரம் ஓரத்தில் லேசாகக் கசியும். வாயு அந்த வழியாகப் போவதால் ஏர்லாக்கில் குமிழி வராது. புதியவர்கள் ஈஸ்ட் செத்துவிட்டது என்று பதறி, மறுபடி ஈஸ்ட் போட்டு, திரும்பத் திரும்பத் திறந்து பார்த்து, உண்மையிலேயே கெடுத்துவிடுவார்கள். குமிழியை நம்பாதீர்கள். ஹைட்ரோமீட்டரை (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) நம்புங்கள். அளவு 1.050 இலிருந்து 1.010 போன்ற ஓர் எண்ணுக்கு இறங்கி, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மாறாமல் நின்றால் நொதித்தல் முடிந்தது.

குழாய் உள்ள வாளியா, இல்லாததா? குழாய் இருந்தால் பாட்டில் நிரப்புவது சுலபம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. என் மூன்றாவது பாத்திரம் குழாய் உள்ள வாளி. முதல் இரண்டு முறை பியர் அருமையாக வந்தது. மூன்றாவது முறை பாட்டிலில் மூன்று வாரம் வைத்துத் திறந்தால், நுரை பொங்கி மேசை முழுவதும் ஓடியது. வாயில் வைத்தால் தண்ணீராக, மெல்லிய புளிப்போடு இருந்தது. நான்காவது முறையும் அதே. வாளியை இன்னும் நன்றாகக் கழுவினேன், கிருமிநாசினியை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் குழாயைக் கழற்றி வெந்நீரில் போட்டேன். பிளாஸ்டிக் சற்று இளகியதும் கைப்பிடியின் அடியிலிருந்து கட்டைவிரலால் அழுத்தித் தள்ள, உள்ளே சுழலும் உருளை தனியாகக் கழன்று வந்தது. அது அப்படிக் கழலும் என்றே எனக்கு அதுவரை தெரியாது. உருளைக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு படலம். விரலால் தொட்டு எடுத்தால் நூல் போல இழுத்தது. மரையின் பள்ளத்திலும் வாஷருக்குப் பின்னாலும் அதேதான். இத்தனை நாள் ஒவ்வொரு பாட்டிலும் அந்தப் படலத்தின் மேல் ஓடித்தான் நிரம்பியிருக்கிறது. பார்த்தபோது வயிற்றைப் புரட்டியது.

குழாய் வாங்கினால் உருளை தனியே கழலுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஒவ்வொரு முறையும் பியர் எடுத்த அன்றே கழற்றி, துண்டு துண்டாகக் கழுவி, காய வைத்து, அடுத்த முறைதான் மாட்ட வேண்டும். விலை மலிவான பாகம்தான், வருடம் ஒரு முறை புதிதாக மாற்றிவிடுங்கள். இந்த வேலை முடியாது என்றால் குழாய் இல்லாத வாளி வாங்கி, சைஃபன் குழாயால் (மேலே உள்ள திரவத்தைத் தானாகக் கீழே இறக்கும் குழாய்) பியரை எடுங்கள்.

ஏர்லாக்கில் வளைந்த எஸ் வடிவம் ஒன்றும், மூன்று பாகமாகக் கழலுவது ஒன்றும் உண்டு. கழலுவதைக் கழுவுவது சுலபம். ஆனால் பியரைக் குளிரவைக்கும்போது உள்ளே இருக்கும் வாயு சுருங்கி, ஏர்லாக் நீரை உள்ளே உறிஞ்சும். எஸ் வடிவத்தில் நீருக்குப் பதில் காற்றுக்குமிழிதான் பின்னோக்கி வரும். எதுவானாலும் அதில் கிருமிநாசினிக் கரைசலையே ஊற்றுங்கள்.

6. கையில் வாங்கி வைக்க வேண்டிய காகிதங்கள்

வாளிக்கு எதற்குக் காகிதம் என்று நினைக்காதீர்கள். நான் வாங்கிய ஒரு பெட் பாத்திரம் வந்த இரண்டாம் வாரமே அடியில் விரிசல் விட்டது. ரசீது இருந்தது, ஆனால் எந்த வெப்பநிலை வரை தாங்கும் என்ற தாள் இல்லை. நான்தான் வெந்நீர் ஊற்றிக் கெடுத்தேன் என்று விற்றவர் சொல்லிவிட்டார். மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

ரசீதில் பொருளின் பெயரும் மாடலும் தெளிவாக இருக்க வேண்டும், வெறும் "வாளி 1" என்று இருக்கக் கூடாது. உணவோடு தொடர்புக்கு உகந்தது என்ற தயாரிப்பாளரின் அறிவிப்பைக் கேளுங்கள், நல்ல தயாரிப்பாளர்கள் தங்கள் தளத்தில் வைத்திருப்பார்கள். உச்ச வெப்பநிலை, எந்தக் கழுவும் பொருள் கூடாது என்ற பட்டியல், அழுத்தப் பாத்திரம் என்றால் உச்ச அழுத்தமும் சோதனைத் தேதியும். இவை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். பாத்திரத்தின் அடியில் உள்ள அச்சையும் படம் எடுங்கள், நாளாக ஆக அது தேய்ந்துவிடும்.

7. செலவு: எங்கே கொடுப்பது, எங்கே நிறுத்துவது

விலை ஊருக்கு ஊர் மாறும். ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும். மூடியோடு ஒரு பிளாஸ்டிக் வாளி 1 பங்கு என்றால், அகன்ற வாய்ப் பெட் குடுவை ஒன்றரை முதல் 2, கண்ணாடி 2 முதல் 3, அழுத்தம் தாங்கும் பெட் 4 அல்லது 5, எவர்சில்வர் நொதி வாளி 10 அளவில், கூம்புப் பாத்திரம் 15க்கு மேல்.

எவர்சில்வருக்குச் செலவழிக்கத் தயாராக இருந்தால், அந்தப் பணத்தில் ஒரு வாளியையும் பழைய ஃப்ரிட்ஜையும் கட்டுப்பாட்டுக் கருவியையும் வாங்குங்கள். 19 டிகிரியில் நிற்கும் சாதாரண வாளியில் வரும் பியர், 28 டிகிரியில் நிற்கும் கூம்புப் பாத்திரத்தில் வரும் பியரைவிட நன்றாக இருக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டாம் கட்ட நொதித்தலுக்கென்று தனியாக ஒரு குடுவையும் வாங்கச் சொல்வார்கள். வேண்டாம். வண்டல் மேல் பியர் நின்றால் கெட்டுவிடும் என்ற பயம், வீட்டு அளவில் மூன்று நான்கு வாரத்துக்குப் பொருந்தாது. தேவையில்லாமல் மாற்றும்போது ஆக்சிஜனும் கிருமியும் நுழைவதுதான் மிச்சம். அந்தப் பணத்துக்குப் பாட்டில் நிரப்பும் நாளுக்கு உதவும் இரண்டாவது வாளி ஒன்று வாங்குங்கள். லிட்டர் பியருக்கு 6 முதல் 7 கிராம் சர்க்கரை என்ற கணக்கில் கரைத்து அதில் ஊற்றி, பியரை அதன் மேல் மெதுவாக இறக்கினால் எல்லாப் பாட்டிலிலும் ஒரே அளவு வாயு ஏறும்.

பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போகிறவை: ஹைட்ரோமீட்டர், ஒட்டும் வகை தெர்மாமீட்டர், உபரி வாஷரும் மூடி வளையமும், கழுவும் பொருள், கிருமிநாசினி. இவை எல்லாம் சேர்ந்து வாளியின் விலையைத் தாண்டிவிடும். முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

8. கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு

அழுக்கு இருக்கும் இடத்தில் கிருமிநாசினி வேலை செய்யாது. முதலில் சோடியம் பெர்கார்பனேட் வகைத் தூளை 40 முதல் 50 டிகிரி வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற வையுங்கள். காய்ந்த வளையம்கூடத் தானாகக் கழன்று வரும், தேய்க்கவே வேண்டாம். நன்றாக அலசுங்கள். பயன்படுத்தும் நாளில் பாஸ்பாரிக் அமில வகைக் கிருமிநாசினியை லேபிளில் சொன்ன அளவில் கலந்து, உட்புறம் முழுவதும் ஓரிரு நிமிடம் ஈரமாக இருக்கும்படி செய்யுங்கள். சரியான அளவில் கலந்தால் இதை அலச வேண்டியதில்லை. நுரை மிச்சம் இருந்தாலும் பயப்படாதீர்கள்.

பிளீச்சையும் அமிலத்தையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

9. எப்போது வாங்குவது, எத்தனை நாள் பிடிக்கும்

காய்ச்சும் நாளுக்குப் பத்து நாள் முன்னால் பாத்திரம் கையில் இருக்க வேண்டும். கசிந்தால் மாற்றிக்கொள்ள அவகாசம் வேண்டுமே. ஏல் என்றால் ஈஸ்ட் போட்ட 12 முதல் 36 மணி நேரத்தில் நொதித்தல் தொடங்கும், மூன்று நான்கு நாள் வேகமாக ஓடும், மொத்தம் 10 முதல் 14 நாள் பாத்திரம் அதிலேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் பாட்டிலில் இரண்டு வாரம். லாகர் என்றால் நொதிக்கவே இரண்டு மூன்று வாரம், குளிரில் பழுக்க இன்னும் ஒரு மாதமாவது. ஒரே பாத்திரம் வைத்திருப்பவர் லாகர் போட்டால் இரண்டு மாதத்துக்கு வேறு எதுவும் காய்ச்ச முடியாது. ஏலில் தொடங்குங்கள்.

10. வோர்ட் ஊற்றுவதற்கு முன் தண்ணீர் ஒத்திகை

பாத்திரம் வந்ததும் வெதுவெதுப்பான நீரை முக்கால் வரை நிரப்பி, மூடி, ஒரு இரவு விடுங்கள். காலையில் திறந்து முகர்ந்து பாருங்கள். பிளாஸ்டிக் வாடை தூக்கலாக இருந்தால் பெர்கார்பனேட் போட்டு ஊற வைத்து மறுபடி பாருங்கள். மூன்றாவது முறையும் போகவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, குழாயின் கீழே உலர்ந்த டிஷ்யூ பேப்பரை விரித்து 24 மணி நேரம் விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் பேப்பரில் வட்டமாகத் தெரியும். வாஷர் வாளியின் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று தாளில் பாருங்கள். கசிகிறது என்று கண்டபடி இறுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விடும். மூடியைச் சோதிக்க, ஏர்லாக்கில் நீர் ஊற்றி மாட்டி, மூடியின் நடுவில் உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். நீர்மட்டம் ஏறி அப்படியே நின்றால் இறுக்கம் சரி, உடனே இறங்கினால் ஓரத்தில் கசிகிறது.

வாளியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கோடுகளை நம்ப வேண்டாம். என்னுடையதில் 20 என்று இருந்த கோட்டில் 21 லிட்டருக்கு மேல் பிடித்தது. சமையலறைத் தராசில் தண்ணீரை எடைபோட்டு, ஒரு கிலோ ஒரு லிட்டர் என்ற கணக்கில் ஊற்றி, வெளிப்பக்கம் டேப் ஒட்டிப் பேனாவால் கோடு போடுங்கள். பிறகு குழாயைத் திறந்து தண்ணீரை முழுவதும் வடிய விடுங்கள். குழாயின் மட்டத்துக்குக் கீழே தங்கும் தண்ணீரை ஒரு குவளையில் ஊற்றி அளந்து பாருங்கள், ஒன்றரை இரண்டு லிட்டர்கூட இருக்கலாம். வண்டல் தங்கப் போவது அந்த இடத்தில்தான். 19 லிட்டர் பியர் பாட்டிலுக்கு வர வேண்டும் என்றால் அந்த அளவையும் கூட்டித்தான் வோர்ட் காய்ச்ச வேண்டும். அந்த எண்ணையும் அதே டேப்பில் எழுதி வையுங்கள்.